என் சாய்வு கும்பகர்ணன் பக்கம்

இராமாயணத்தில் யாரைப் பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் கும்பகர்ணன் என்பேன். அவனுக்கு அடுத்தபடி இராவணன். பாரதத்தில் கர்ணன், கந்தபுராணத்தில் சூரபத்மன். இராமனையும் முருகனையும் தினமும் கும்பிடுகிறவன்தான் நான். ஆனால் கதை கேட்க உட்கார்ந்தால் மனசு தவிப்பதெல்லாம் எதிர்ப்பக்கத்து ஆட்களுக்காகத்தான். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பேசிப் பழகியதில் தெரிந்துகொண்டேன். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று சிலருக்குப் பயம்கூட இருக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிவகங்கைச் சீமை. எங்கள் வீட்டில் இரண்டு இராவணன்கள் இருந்தார்கள். அப்பத்தா விளக்கு வைத்ததும் நோட்டில் ஸ்ரீராமஜெயம் எழுதுகிறவர். அவருக்கு இராவணன் அரக்கன், பெண்ணைத் தூக்கிப்போன பாவி, பேச்சு அதோடு முடிந்தது. ஐயா, அதாவது தாத்தா, சுயமரியாதைக்காரர். 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணா ஒரு பக்கமும், ரா.பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் மறுபக்கமும் மேடையில் மோதியதை நேற்று நடந்ததுபோல் சொல்வார். புலவர் குழந்தை 1946இல் எழுதிய இராவண காவியத்தை 1948இல் அரசு தடை செய்ததையும் 1971இல் தடை நீங்கியதையும் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்துவிடும். அவருக்கு இராவணன் நம்ம ஆள், தமிழ் மன்னன், ஒரு குறையும் இல்லாதவன். இருவருக்கும் நடுவில் வளர்ந்த எனக்கு ஒன்று மட்டும் புரியாமலே இருந்தது. அப்பத்தாவின் இராவணனிடம் நல்லது ஒன்றும் இல்லை, ஐயாவின் இராவணனிடம் கெட்டது ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஆளை நான் தெருவில் பார்த்ததே இல்லை.

நான் தேடிய ஆளைக் கம்பனில்தான் கண்டேன். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கம்பராமாயண முற்றோதல் நடத்தினார். ஒருவர் பாட்டை வாசிக்க வேண்டும், ஆசிரியர் பதம் பிரித்துப் பொருள் சொல்வார், பிறகு எல்லாரும் சேர்ந்து ஒருமுறை வாசிக்க வேண்டும். யுத்த காண்டம் மட்டுமே ஏறத்தாழ நான்காயிரம் பாட்டு. அவசரப்படுத்தவே மாட்டார்.

கும்பகருணன் வதைப் படலம் வந்தது. “உறங்குகின்ற கும்பகன்ன, உங்கள் மாய வாழ்வு எலாம் இறங்குகின்றது இன்று காண், எழுந்திராய் எழுந்திராய்” என்ற பாட்டை எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருந்ததால் சிரித்துக்கொண்டே வாசித்தோம். அவன் எழுந்து ஆறு நூறு வண்டிச் சோற்றையும் குடம் குடமாகக் கள்ளையும் தீர்க்கிறான். அதற்கும் சிரித்தோம். பிறகு அண்ணன் முன்னால் போய் நிற்கிறான். இராவணன் தழுவிக்கொண்டு, தன் கையாலேயே அவனுக்கு நகை பூட்டிப் போர்க்கோலம் செய்கிறான். இதெல்லாம் எதற்கு என்று தம்பி கேட்கிறான். போர் என்று தெரிந்ததும் அவன் வாயில் வருகிற பாட்டு இது:

ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச்
சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?
வானமும் வையமும் வளர்ந்த வான் புகழ்
போனதோ? புகுந்ததோ பொன்றும் காலமே?

தூங்கி எழுந்தவன் போர் வந்துவிட்டதா என்று கேட்ட கையோடு அடுத்துக் கேட்பது, அந்தப் பெண்ணின் துயரம் இன்னும் தீரவில்லையா என்பதை. தன் வீட்டின் புகழ் போனதைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்கிறான். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவளை விட்டுவிடு, இராமன் காலில் விழு, விபீடணனோடு சேர்ந்துகொள், அதுதான் பிழைக்கும் வழி என்று நேருக்கு நேர் சொல்கிறான். இராவணன் சீறுகிறான். மனிதரைக் கும்பிட்டு, குரங்கையும் கும்பிட்டுப் பிழைப்பதெல்லாம் உனக்கும் உன் தம்பிக்கும்தான் சரி என்கிறான், தானே போருக்குக் கிளம்புகிறான். அப்போது கும்பகர்ணன் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்கிறான்: “வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன், விதி நின்றது, பிடர் பிடித்து உந்த நின்றது, பொன்றுவென்.” நான் ஜெயித்து வருவேன் என்று சொல்லமாட்டேன், சாகத்தான் போகிறேன், செத்த பிறகாவது அவளை விட்டுவிடு என்கிறான். கடைசியாக, இன்றுவரை நான் செய்த குற்றம் ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள், இனி உன் முகத்தில் விழிப்பது இல்லை, விடைபெறுகிறேன் என்று நடந்துவிடுகிறான்.

எங்களோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கோயில் வாசலில் பூ விற்பவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் ஒரு வாரமும் தவறமாட்டார். “அய்யா, அந்த முகத்துல முழிக்கிற பாட்டை இன்னொருக்கா சொல்லுங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அரக்கனுக்காக அழலாமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இதை எழுதியவன் இராமனைக் கடவுள் என்று பத்தாயிரம் பாட்டுக்கு மேல் பாடியவன். அவனே நம்மை அழவைக்கத்தான் இப்படி எழுதியிருக்கிறான் என்று எனக்கு அன்று உறைத்தது. வில்லனைப் பிடித்துப்போவது பக்தியில் விழுந்த ஓட்டை இல்லை. கவிஞன் வெட்டி வைத்த வாய்க்கால் அது, நாம் அதன் வழியே போகிறோம்.

இந்தக் கோணத்தில் பார்க்கப் பழகிய பிறகு நம் சமயத்துக்குள்ளேயே எத்தனை இடத்தில் எதிரிக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்ணில் பட்டது. சிவன் கோயில் பெருவிழாக்களில் இராவணன் வாகனமாக வருகிறான், கயிலையைத் தூக்கியவன் தலைமேல் சுவாமி வீதியுலா போகிறார். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு வந்தால் பெரும்பாலும் இராவணன் வந்துவிடுவான், மலைக்கடியில் நசுங்குவான், பாடுவான், அருள் பெறுவான். திருநீற்றுப் பதிகத்தில் “இராவணன் மேலது நீறு” என்றே வருகிறது. கந்தபுராணத்தில் முருகனின் பேருருவத்தைப் பார்த்த சூரபத்மன், “கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப் பாலன் என்று இருந்தேன் அந்நாள்” என்று சொல்லும் பாட்டைப் பக்தர்கள் பூசையில் தோத்திரமாகவே பாடுகிறார்கள். பாடுகிற பலருக்கு அது சூரன் வாய்மொழி என்பது நினைவிலேயே இருக்காது.

அப்பத்தாவிடம் ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டேன், எனக்குக் கும்பகர்ணனைத்தான் பிடிக்கிறது என்று. திட்டுவார் என்று நினைத்தேன். “அவங்க ரெண்டு பேரும் வைகுண்டத்து வாசல்ல நின்ன பிள்ளைங்கதானடா. சாபத்தால எதிரியாப் பொறந்து, பெருமாள் கையாலயே செத்து, திரும்பிப் போனவங்க. பிடிக்காம எப்படி இருக்கும்?” என்றார். ஜயவிஜயர் கதை. அதுவரை இராவணனைப் பாவி என்று மட்டுமே சொன்னவர், அந்தக் கதையையும் தெரிந்தேதான் வைத்திருந்தார். பக்தியுள்ள பெரியவர்களிடம் இதைப் பேச வேண்டி வந்தால், கட்சி கட்டிக்கொண்டு போகாதீர்கள். “இராமன் செய்தது தப்பு” என்று ஆரம்பித்தால் கதவு சாத்திவிடும். “இந்தப் பாட்டில் இவன் இப்படிச் சொல்கிறானே” என்று ஆரம்பித்தால் அவர்களே நமக்குத் தெரியாத நாலு கதை சொல்வார்கள். ஐயாவிடமும் இதே வழிதான் பலித்தது. கம்பன் என்றாலே முகம் சுளிப்பவர், “வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்” என்ற பாட்டை வாசித்துக் காட்டியபோது முழுசாகக் கேட்டார். இன்னொரு பாட்டு வாசி என்றார்.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். வில்லனைப் பிடித்துப்போனால் அவனுக்கு வக்கீலாகிவிடும் ஆசை வரும். வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் ஒன்று சுற்றுகிறது: இராவணன் சீதையைத் தொடவே இல்லை, நிலத்தோடு பெயர்த்துத்தான் கொண்டுபோனான், அவ்வளவு கண்ணியவான் என்று. நிலத்தோடு பெயர்த்தது கம்பனில் உண்மைதான். ஆனால் பாட்டு என்ன சொல்கிறது? “தீயவன் ஆயிழையைத் தீண்டான், அயன் மேல் உரை சிந்தைசெயா.” பிரமன் முன்பு சொன்னது நினைவுக்கு வந்ததால் தொடவில்லை. விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் அழிவாய் என்ற சாபம் அது. கண்ணியத்துக்கு அங்கே இடமே இல்லை, உயிர்ப்பயம்தான் இருக்கிறது. ஒரே பாட்டின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் வில்லன் நாயகனாகிவிடுவான். பகிரப்படும் எதையும் பாட்டு எண்ணோடு பார்க்காமல் நான் இப்போது நம்புவதில்லை.

கர்ணனிடமும் இதே கதைதான். கவச குண்டலத்தைக் கொடுத்தவனையும், கிருஷ்ணனே வந்து கேட்டும் நண்பனை விடாதவனையும் நினைத்து உருகுகிறோம். வியாச பாரதத்தில் சூதாட்ட மண்டபத்தில் பாஞ்சாலியை இழிசொல் சொன்னவனும், அவள் ஆடையைக் களையச் சொன்னவனும் அவன்தான். அந்த இடத்தையும் படித்த பிறகும் கர்ணனைப் பிடிக்கிறதா? எனக்குப் பிடிக்கிறது. ஆனால் முன்பு பிடித்த மாதிரி இல்லை. அவன் கொடுத்த எதுவும் அந்த மண்டபத்தில் பேசியதைத் துடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இப்போது அவனை நினைக்கிறேன்.

எனக்கு மிகவும் வலித்தது கும்பகர்ணன் விஷயத்தில். வதைப் படலத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவன் எனக்கு மாசு மறுவற்றவனாகவே இருந்திருப்பான். ஆனால் முன்னாலேயே, இராவணன் மந்திரப் படலத்தில், அவையில் அவன் பேசியிருக்கிறான். “பேசுவது மானம், இடை பேணுவது காமம்” என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொன்ன அதே பேச்சு. எல்லாரும் அந்த வரியைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். அதற்கு அடுத்து அவன் சொல்வது: “மட்டு அவிழ் மலர்க் குழலினாளை இனி, மன்னா, விட்டிடுதுமேல் எளியம் ஆதும்.” செய்தது தப்புத்தான், ஆனால் இப்போது விட்டால் நம்மை இளக்காரமாகப் பார்ப்பார்கள், அதைவிடப் போரில் செத்தாலும் பழி இல்லை என்கிறான். அவனுக்கு அன்றே எல்லாம் தெரிந்திருந்தது. மானம் என்ற கயிறு அவனையும் கட்டியிருந்தது. சீதையின் துயரத்தைக் கேட்டவன், அந்தத் துயரம் நீள்வதற்கும் ஒரு வார்த்தை கொடுத்தவன்.

வதைப் படலத்துக்கு அடுத்து வருவது மாயா சனகப் படலம். தம்பி களத்தில் இருக்கும் நேரத்தில் அண்ணன் அசோகவனத்தில் இருக்கிறான். மருத்தன் என்ற அரக்கனைச் சனகன் போல வேடம் போடவைத்து, கட்டி இழுத்துவந்து, அப்பன் வாயாலேயே சீதையைச் சம்மதிக்கச் சொல்ல வைக்கிறான். அங்கேதான் கும்பகர்ணன் செத்த செய்தி வந்து சேர்கிறது. “தம்பியோ!” என்று இராவணன் புரண்டு அழுகிறான். அழுகை உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த இடத்தில் நின்று அழுகிறான் பாருங்கள். தம்பி உயிரைக் கொடுத்தது இந்த வேலைக்குத்தான்.

இதைப் படித்த காலத்தில் நான் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி என் அப்பாவின் நெஞ்சு ஆபரேஷனுக்குக் கேட்காமலே பணம் கட்டியவர். அவருக்காக ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தேன், அதில் எனக்குப் பெருமைதான். பிறகு ஒரு கட்டத்தில் சரக்கு வராமலே பில் மட்டும் வர ஆரம்பித்தது. லாரி நம்பர் இருக்கும், எடை இருக்கும், கிடங்கில் மூட்டை இருக்காது. அதை வரவு வைத்து ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள வேண்டும், பேரேட்டில் எழுதவேண்டியது நான். நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இவ்வளவு தூரம் வந்தாச்சுப்பா. இப்ப நிறுத்தினா மார்க்கெட்ல நம்மள இளக்காரமாப் பாப்பான்” என்றார்.

விட்டிடுதுமேல் எளியம் ஆதும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வரியைப் படிக்காமல் இருந்திருந்தால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டிருக்கும். ஏனென்றால் என் மனசு முழுக்கக் கும்பகர்ணன்தான். சோறு போட்டவனுக்கு உயிரைக் கொடு, தப்பு என்று தெரிந்தாலும் கூட நில், அதுதான் ஆண்மை, அதுதான் நன்றி. “நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்” என்று விபீடணனிடம் அவன் சொல்வதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அந்த உயிர் எதற்குப் போயிற்று என்று மாயா சனகப் படலமும் படித்திருந்தேனே.

வேலையை விட்டேன். யாரிடமும் போய் எதையும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் பேசினார்கள்: உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன், விபீஷணன். விபீஷணன் என்பது எங்கள் பக்கம் வசவு. அவன் இராமனோடு சேர்ந்தது சரி என்று வழிபடுகிற ஊரிலேயே அவன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். காரைக்குடிக் கம்பன் விழாப் பட்டிமண்டபங்களில் கும்பகர்ணனா விபீடணனா என்று வாதாடும்போது கும்பகர்ணனுக்குத்தான் கைதட்டல் அதிகம். நானும் அந்தப் பக்கம் தட்டியவன்தான். விபீடணன் எவ்வளவு தனியாக நின்றிருப்பான் என்பது அந்த மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன். முதலாளி வாங்கிக்கொண்டார், முகம் கொடுத்துப் பேசவில்லை. செஞ்சோற்றுக் கடனில் அகப்பட்டுக்கொண்ட யாருக்காவது இது உதவும் என்றால் சொல்கிறேன்: பணமாக வாங்கிய கடனைப் பணமாகவே தீர்க்கப் பாருங்கள். அதைக் கையெழுத்தாகக் கேட்கிறபோது, கணக்கு வேறு எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். நன்றி மனசில் இருக்கட்டும். எனக்கு இன்றும் அவர்மேல் நன்றி இருக்கிறது.

நாயகனைப் படித்து இதை நான் கற்றிருக்க முடியாது. இராமனுக்குக் காட்டுக்குப் போ என்றால் முகம் செந்தாமரையாகவே இருக்கிறது, அவனுக்கு ஆட்டமே இல்லை. அவனைத் தொழலாம். ஆனால் நல்ல மனுஷன் ஒருவன் கெட்ட காரியத்தில் எப்படிக் கட்டுண்டு நிற்கிறான், எந்தப் படியில் திரும்பியிருக்கலாம், ஏன் திரும்பவில்லை என்பதையெல்லாம் எதிர்ப்பக்கத்து ஆட்கள்தான் காட்டித் தருகிறார்கள். இராவணன் இந்திரஜித்திடம் சொல்கிறான்: செத்தவர்களையோ இருக்கிறவர்களையோ நம்பி இந்தப் பகையைத் தேடவில்லை, “என்னையே நோக்கி யான் இந் நெடும் பகை தேடிக் கொண்டேன்.” இதில் உள்ள கம்பீரம் என்னை இழுக்கிறது. இதே வார்த்தையை வறட்டு வீம்பு பிடித்த எந்த அப்பாவும் எந்த முதலாளியும் சொல்லக்கூடும் என்பதும் தெரிகிறது. அதைக் கேட்டுக்கொண்டு எதிரே நிற்கும் மகன்தான் அடுத்துச் சாகப்போகிறவன்.

பிள்ளைகள் விஷயம். என் மகளைத் திருச்செந்தூர்ச் சூரசம்ஹாரத்துக்குக் கூட்டிப் போனேன். கடற்கரைக் கூட்டத்தில் யானைத் தலை, சிங்கத் தலை, பிறகு சூரனுடைய சொந்தத் தலை என்று மாறி மாறி வர, அவள் சூரன் ஓடுகிற பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். “அவர் பாவம்ப்பா, தனியா இருக்கார்” என்றாள். அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று பக்கத்தில் ஒருவர் அதட்டினார். நான் அதட்டவில்லை. பாவம் என்று ஏன் தோன்றுகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “எல்லாரும் அந்தப் பக்கம் இருக்காங்க” என்றாள். பிறகு சூரன் தேவர்களைச் சிறையில் போட்டதையும் அவன் மயிலும் சேவலுமாக முருகனோடேயே இருப்பதையும் சொன்னேன். இரக்கத்தை அடக்கவும் வேண்டியதில்லை, செய்த கொடுமையை மறைக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் குழந்தைகள் தாங்குவார்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: கம்பனை உரையோடு படியுங்கள். வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை பழையது, ஆனால் பதம் பதமாகச் சொல்லும். கோவைக் கம்பன் அறநிலைப் பதிப்பு புதியவர்களுக்கு எளிது. வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து. பிடித்த ஆள் பேசும் பாட்டைக் குறித்து வைக்கும்போது, அவனால் துன்பப்பட்டவர் பேசும் பாட்டு ஒன்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். இராவணனுக்கு எதிரே சீதையின் பாட்டும் மண்டோதரியின் புலம்பலும் வேண்டும். கும்பகர்ணனில் தொடங்க நினைத்தால் எழுப்புகிற பாட்டில் தொடங்காதீர்கள். மந்திரப் படலத்தில் தொடங்கி, வதைப் படலம் படித்து, மாயா சனகப் படலம் முடிகிறவரை புத்தகத்தை மூடாமல் இருங்கள்.